மூவேந்தவேளானுக்குச் சொந்த ஊர் எது? சீனப் பேரரசும் சோழப் பேரரசும் ஆள் வைத்த கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த வாக்கியங்களை எடுத்திருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரு ஒப்பீடு. போன மாசம் ஒரு கேள்வி வந்திருந்தது: "சீனாவுல முதல் பேரரசுகள் அவ்வளவு பெரிய நிலப்பரப்பை எப்படிக் கட்டி மேய்ச்சாங்கன்னு நிறைய படிக்கிறோம். நம்ம சோழர்கள் எப்படிச் செஞ்சாங்க? அங்க இருந்த மாதிரி அதிகாரிகள் படை இங்க இருந்துச்சா?"

நல்ல கேள்வி. எனக்கு இது கொஞ்சம் சொந்த விஷயமும் கூட. எங்க பாட்டி வீடு ஸ்ரீரங்கத்துல, கீழச் சித்திரை வீதியில. லீவுக்குப் போனா கோயிலுக்குள்ளதான் ஓடிப்பிடிச்சு விளையாட்டு. ஒளியறதுக்குச் சாயற சுவர் முழுக்க எழுத்து. அந்தக் கோயில்ல மட்டும் 600-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கு. அதுல ரொம்பப் பழையது முதலாம் பராந்தக சோழனோட 17-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது சுமார் 924. பத்து வயசுல எனக்கு அதெல்லாம் முதுகுல அழுத்துற கரடுமுரடு மட்டும்தான். ஒரு பேரரசோட அலுவலக ஃபைல் மேல சாஞ்சு நின்னுட்டு இருந்திருக்கேன்னு புரிய இருபது வருஷம் ஆச்சு.

சரி, முதல்ல சீனாவுக்குப் போயிட்டு வந்துடுவோம்.

1975-ல சீனாவோட ஹூபெய் மாகாணத்துல, ஷுயிஹுதி என்ற இடத்துல ஒரு கல்லறையைத் தோண்டினாங்க. உள்ளே இருந்தவர் பெயர் ஷி. ராஜா இல்ல, தளபதி இல்ல. மாவட்ட அலுவலகத்துல எழுத்தர். கி.மு. 217 வாக்கில், நாற்பத்தஞ்சு வயசு போல, இறந்திருக்கார். அவர் உடம்பைச் சுத்தி 1,100-க்கும் மேல மூங்கில் பட்டைகளை வச்சுப் புதைச்சிருக்காங்க. எல்லாம் சட்டம், விதிமுறை, விசாரணை நடத்துற முறை. மனுஷன் ஆபீஸ் ஃபைலைக் கட்டிப்பிடிச்சுட்டே போய்ச் சேர்ந்திருக்கார்!

அதுல ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடிச்சது. மழை பெஞ்சா, எவ்வளவு நிலம் நனைஞ்சது, எவ்வளவு பயிர் முளைச்சதுன்னு மாவட்டம் மேலிடத்துக்கு எழுதி அனுப்பணும். வறட்சி, வெள்ளம், பூச்சி எதுவா இருந்தாலும் அதே. கிட்ட இருக்குற மாவட்டம் ஓட்டக்காரன் மூலமா அனுப்பணும், தூரத்து மாவட்டம் அஞ்சல் மூலமா. இன்னொரு விதி: எந்தக் கோரிக்கையா இருந்தாலும் எழுத்துல வரணும், வாய்மொழியா கேட்கக் கூடாது. கி.மு. 221-ல சின் பேரரசர் ஆறு நாடுகளை ஜெயிச்சு ஒண்ணாக்கினப்போ, பழைய ராஜ குடும்பங்களைத் தூக்கிட்டு நாட்டை 36 பெரிய ஆட்சிப்பகுதிகளா வெட்டி, ஒவ்வொண்ணுக்கும் மேலிருந்து ஆள் போட்டார். எடைக்கல், அளவை, எழுத்து, வண்டி அச்சோட அகலம் உட்பட எல்லாம் ஒரே அளவு.

அந்தப் பேரரசு 15 வருஷம்தான் நின்னுச்சு. கி.மு. 209-ல சென் ஷெங் என்ற ஆளும் கூட இருந்த 900 பேரும் காவல் வேலைக்குப் போற வழியில மழையில மாட்டிக்கிட்டாங்க; லேட்டா போனா மரண தண்டனைங்கிறதால கலகம் பண்ணாங்கன்னு பழைய சீன வரலாறு சொல்லுது. மழையைக் கணக்கெடுத்த அரசு மழையால விழுந்த கதை. ஆனா ஷியோட மூங்கில் பட்டைகளைப் படிச்சா, வேலைக்கு லேட்டா வந்தா திட்டு, இல்ல அபராதம், மழைன்னா அந்த அழைப்பே ரத்துன்னு இருக்கு. ஸோ, கதை நல்லாயிருக்குன்னு அப்படியே நம்பிடாதீங்க.

அடுத்து வந்த ஹான் வம்சம் சின்னோட எலும்புக்கூட்டை எடுத்துக்கிச்சு. உண்மையாவே எடுத்துக்கிச்சு. சின் தலைநகருக்குள்ள லியு பாங்கோட படை நுழைஞ்சப்போ எல்லாரும் தங்கத்தைத் தேடி ஓட, ஷியாவ் ஹே என்ற எழுத்தர் மட்டும் நேரா ஆவண அறைக்குப் போய் வரைபடங்களையும் பதிவேடுகளையும் எடுத்துட்டு வந்தாராம். கி.பி. 2-ஆம் ஆண்டுல ஹான் அரசு மக்கள்தொகைக் கணக்கு எடுத்துது: 1,22,33,062 குடும்பங்கள், 5,95,94,978 பேர். கடைசி இலக்கம் வரைக்கும்! எண்ணிக்கை சரியா தப்பாங்கிறது வேற விஷயம். கடைசி எட்டு பேரை விடக்கூடாதுன்னு நினைச்ச அரசு அது.

இதுல நான் பிடிச்சுக்க விரும்புற நூல் ஒண்ணுதான். ஹான் காலத்துல, குறிப்பா பேரரசர் வூவுக்குப் பிறகு, ஒருத்தர் தன் சொந்தப் பகுதிக்கு ஆளுநரா போக முடியாது. பின்னாடி இது இன்னும் இறுகிச்சு. கல்யாணத்தால சம்பந்தியான குடும்பங்கள் இருக்குற பகுதிக்குக் கூடப் போக முடியாத நிலை வந்தது. உனக்கு அங்க மாமன் மச்சான் இருக்கக் கூடாது, நிலம் இருக்கக் கூடாது. உன்னைப் பேரரசர் மட்டும்தான் தாங்கணும். இது நமக்குப் புதுசு இல்ல. தேர்தல் வந்தா சொந்த மாவட்டத்துல இருக்குற அதிகாரிகளை டிரான்ஸ்பர் பண்றாங்களே, அதே யோசனைதான். ஆளுநர் வெளியாள், ஆனா அவருக்குக் கீழ இருந்த எழுத்தர்கள் உள்ளூர் ஆளுங்க. நம்ம ஷி அந்த ரகம்.

இப்போ காவிரிக்கு வருவோம். ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க: ஹானுக்கும் நம்ம தஞ்சைச் சோழருக்கும் நடுவுல சுமார் ஆயிரம் வருஷம் இருக்கு. ரெண்டு பேரும் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் காப்பியடிக்கல. சோழத் தூதர்கள் சீனா போனது 1015-லயும் அதுக்கப்புறமும். 1077-ல 72 பேர் கொண்ட குழு ஒண்ணு போயிருக்கு. அவங்க பார்த்தது சோங் வம்சத்து அரசவை. நான் ஒப்பிடுறது தீர்வை இல்ல, பிரச்சினையை. தலைநகர்ல உட்கார்ந்துகிட்டு பத்து நாள் நடை தூரத்துல இருக்குற ஒரு வயல்ல இருந்து நெல்லை எப்படி வாங்குறது?

'பொன்னியின் செல்வன்' பார்த்தவங்களுக்கு அநிருத்தப் பிரம்மராயரைத் தெரியும். சுந்தர சோழரோட முதலமைச்சர், ஒற்றர் படை வச்சிருப்பார், ஆழ்வார்க்கடியானை அங்கங்க அனுப்புவார். ஒற்றர் படை கல்கியோட கற்பனை. ஆள் நிஜம். சுந்தர சோழனோட 4-ஆம் ஆட்சியாண்டுல அவருக்கு நிலம் கொடுத்த செப்பேடு கிடைச்சிருக்கு. அன்பில் செப்பேடுகள்னு பேர். அன்பில் எங்க இருக்கு? ஸ்ரீரங்கத்துல இருந்து கிழக்கே, லால்குடி பக்கம், கொள்ளிடக் கரையில. செப்பேட்டோட சமஸ்கிருதப் பகுதி அன்பில்ங்கிற பேரைக் கூட மொழிபெயர்த்து 'பிரேமாக்ரஹாரம்'னு எழுதுது. 'அன்பு'ன்னா பிரேமை, சரிதானே! இந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையா ஸ்ரீரங்கத்துப் பெருமாளுக்குத் தொண்டு செஞ்ச குடும்பம்னும் அது சொல்லுது.

அதாவது சோழ அரசோட பெரிய அமைச்சர் காவிரிக்கரைக்காரர். இங்கேயே பரம்பரை, இங்கேயே கோயில், இங்கேயே நிலம். ஹான் அரசு எதையெல்லாம் தகுதிக்குறைவுன்னு பார்த்துச்சோ, அதெல்லாம் இங்க தகுதி.

அவர் ஒருத்தர் மட்டும்னு நினைக்காதீங்க. தஞ்சைப் பெரிய கோயில்ல ஸ்ரீகாரியம், அதாவது கோயில் நிர்வாகம், பார்த்தவர் பேரைக் கல்வெட்டுல இப்படி எழுதியிருக்காங்க: பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான். இதைப் பிரிச்சுப் பாருங்க. 'பொய்கைநாடு கிழவன்' – வயசானவர்னு அர்த்தமில்ல, அந்த நாட்டுல நிலத்துக்கு உரிமை உள்ளவர். 'ஆதித்தன் சூரியன்' – ஆதித்தனோட மகன் சூரியன், நம்ம இனிஷியல் மாதிரி. கடைசியா 'தென்னவன் மூவேந்தவேளான்' – இது ராஜா கொடுத்த பட்டம். ஊர், அப்பா, தன் பேர், ராஜா. எங்க தாத்தா தன் பேருக்கு முன்னாடி ஊர் இனிஷியலும் அப்பா இனிஷியலும் போடுவார். கல்வெட்டுல இதைப் பார்த்தப்போ எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

இந்த மாதிரிப் பேர்களை ஒண்ணொண்ணா கல்வெட்டுகள்ல இருந்து பொறுக்கி எடுத்து அட்டவணை போட்ட மூணு பேர் இருக்காங்க: ஜப்பானைச் சேர்ந்த நொபொரு கராஷிமா, நம்ம எ. சுப்பராயலு, தோரு மட்சுயி. 1978-ல மதுரையில வெளியாச்சு. கம்ப்யூட்டர் சாதாரணமா கிடைக்காத காலத்துல பண்ண டேட்டா வேலை. அதுக்கு முன்னாடி சோழர் வரலாறுன்னா ராஜாக்கள் வரலாறு. இந்த வேலைக்கு அப்புறம்தான் 'உடையான்', 'கிழவன்', 'மூவேந்தவேளான்', 'பல்லவரையன்', 'பிரமாதிராயன்'னு பட்டம் சுமந்த ஆயிரக்கணக்கான ஆட்கள் கூட்டமா கண்ணுக்குத் தெரிஞ்சாங்க. அரசோட அதிகாரிகள்ல பெரும்பாலானவங்க நிலம் வச்சிருந்த ஊர்ப் பெரியவங்கதான். ராஜா மாறினா பட்டத்துல இருக்குற பேரும் மாறும்: ராஜராஜ மூவேந்தவேளான், ராஜேந்திரசோழ மூவேந்தவேளான். ஏற்கெனவே ஊர்ல செல்வாக்கோட இருக்குறவனைப் பிடிச்சு, அவன் நெத்தியில தன் பேரை ஒட்டுறதுதான் சோழர் முறை.

ஒரு உத்தரவு எப்படிப் பயணம் செய்யும்னு பார்த்தா இது இன்னும் தெளிவாகும். சின் சட்டம் வாய்மொழி கூடாதுன்னு சொல்லுச்சு இல்லையா? சோழ உத்தரவு வாயிலதான் ஆரம்பிக்குது. ராஜா சொல்றதைத் திருமந்திர ஓலை எழுதுற அதிகாரி எழுதுவார், மேற்பார்வைக்காரங்க ஒப்பிடுவாங்க, வரிக் கணக்கு வைக்கிற புரவுவரித் திணைக்களத்துல பதிவாகும். அப்புறம் ஓலை நாட்டாருக்குப் போகும். நாட்டார்னா அந்த வட்டாரத்து ஊர்களோட நிலக்காரர் கூட்டம். அவங்க ஓலையை எதிர்கொண்டு போய்க் கும்பிட்டு, தலைமேல வச்சு வாங்குவாங்க. அதுக்கப்புறம் ஒரு பெண் யானையை நடக்க விட்டு எல்லையைச் சுத்தி வருவாங்க. கல்லும் கள்ளியும் நட்டு எல்லை குறிப்பாங்க. அநிருத்தருக்கு நிலம் கொடுத்தப்பவும் இதுதான் நடந்துச்சு.

யானையை விடுங்க. கவனிக்க வேண்டியது, யானை பின்னாடி நடந்தது யாருங்கிறதுதான். தலைநகர்ல இருந்து வந்த சர்வேயர் தனியா நடக்கல. நாளைக்கு எல்லைத் தகராறு வந்தா சாட்சி சொல்ல வேண்டிய அக்கம்பக்கத்து ஆளுங்களே கூட நடக்குறாங்க.

உத்திரமேரூர் குடவோலை கேள்விப்பட்டிருப்பீங்க. 'உலகத்தின் முதல் ஜனநாயகம்'னு ஃபார்வர்டு கூட வந்திருக்கும். பராந்தகன் காலத்துல 919-லயும் 921-லயும் எழுதின ரெண்டு கல்வெட்டு. 30 குடும்பு, அதாவது 30 வார்டு. பேர் எழுதின ஓலையைக் குடத்துல போட்டுக் குலுக்கி எடுக்குறது. கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரங்களும் நிக்க முடியாது. அருமையான விதிகள், சந்தேகமே இல்ல. ஆனா குடத்துல பேர் விழணும்னா வரி கட்டுற கால் வேலி நிலம், சொந்த மனையில வீடு, 35-ல இருந்து 70-க்குள்ள வயசு, வேதப் படிப்பு எல்லாம் வேணும். அது பிராமணர் ஊர்ச் சபை. நிலமில்லாதவங்களுக்கும் பெண்களுக்கும் அங்க இடம் கிடையாது. ஜனநாயகம்னு சொல்றதுக்கு எனக்கு வாய் வரல. எனக்கு முக்கியமாப் படுறது வேற ஒரு வரி. முதல் கல்வெட்டுல, ராஜ ஆணைப்படி தத்தனூர் மூவேந்தவேளான் என்ற அதிகாரி சபையோட கூட உட்கார்ந்திருக்கார். முடிவு எடுத்தது சபை. பக்கத்துல உட்கார்ந்து பார்த்தது ராஜாவோட ஆள். அந்த ஆளும் இன்னொரு ஊரோட நிலக்காரர், பேர்லயே ஊர் இருக்கு.

இது மென்மையான ஆட்சின்னு நினைச்சீங்கன்னா அடுத்து ரெண்டு உதாரணம்.

ஒண்ணு, உக்கல். காஞ்சிபுரத்துக்குத் தெற்கே. ராஜராஜனோட 24-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. முழுசா ரெண்டு வருஷம் வரி கட்டாதவங்க நிலத்தை ஊராரே எடுத்து வித்துக்கலாம், நிலத்துக்காரனுக்கு உரிமை கிடையாதுன்னு உத்தரவு. ஜப்தி பண்ண தஞ்சாவூர்ல இருந்து ஆள் வரல. எதிர்வீட்டுக்காரர் வந்தார்.

இன்னொண்ணு, உடையார்குடி. 'பொன்னியின் செல்வன்' ஆரம்பிக்கிற அந்த வீராணம் ஏரி இருக்கே, அந்த வட்டாரம்தான். காட்டுமன்னார்கோயில்ல அனந்தீஸ்வரர் கோயில் கல்வெட்டு, ராஜராஜனோட 2-ஆம் ஆட்சியாண்டு, சுமார் 988. ஆதித்த கரிகாலன் கொலை நடந்து பல வருஷம் கழிச்சு, கொன்னவங்கன்னு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் பேர்களைச் சொல்லி, அவங்க நிலத்தையும், கூடப்பிறந்தவங்க, பிள்ளைகள், பெண் கொடுத்தவங்க, பெண் எடுத்தவங்க நிலத்தையும் பறிக்கச் சொல்லி ராஜாவோட ஓலை. யாருக்கு வந்துச்சு தெரியுமா? அந்த ஊர்ச் சபைக்கு. கொன்னவங்களோட சொந்தக்காரங்க யார் யாருன்னு தஞ்சாவூருக்குத் தெரியாது. சபைக்குத் தெரியும். கல்யாணத்துல பந்தி பரிமாறினவங்க அவங்கதானே.

இதுல இன்னொரு குத்தலும் இருக்கு. பரமேஸ்வரனோட பட்டம் 'இருமுடிச்சோழ பிரமாதிராஜன்'. சோழன் பேரையே நெத்தியில ஒட்டிக்கிட்டவன்மேலதான் சோழ இளவரசனைக் கொன்ன பழி. அநிருத்தருக்கும் கிட்டத்தட்ட இதே பட்டம்தான்.

திருச்சிக்காரங்களுக்கு ஒரு இடம் சொல்றேன். சத்திரத்துல இருந்து கரூர் ரோட்ல, ஜீயபுரம் போற வழியில அல்லூர்னு ஒரு ஊர். பஸ்ல நூறு தடவை தாண்டியிருப்பீங்க. கராஷிமா 1960-கள்ல உட்கார்ந்து வேலை பார்த்தது இந்த அல்லூரையும், அதை ஒட்டி இருந்த ஈசானமங்கலத்தையும் பத்தின கல்வெட்டுகள்லதான். அல்லூர் வெள்ளான் வகை ஊர், பயிர் செய்யறவங்களோட ஊர். ஈசானமங்கலம் பிரமதேயம். ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல, ஒரே காவிரித் தண்ணி. ஆனா அல்லூர்ல நிலம் விற்கும்போது ஊரார் மொத்தமா சேர்ந்து விற்கிறாங்க. ஈசானமங்கலத்துல தனித்தனி ஆள் தன் பங்கை விற்கிறார். பொதுவா வச்சிருக்குற ஊரும் தனித்தனியா வச்சிருக்குற ஊரும் வரப்பு தாண்டினா வந்துடுது. இந்த மாதிரி வித்தியாசத்தை எல்லாம் சமமா இழைச்சுத் தள்ளணும்னு சோழ அரசு முயற்சி பண்ணல. ஊர்னா ஊராகவே, சபைன்னா சபையாகவே, வியாபாரிகளோட நகரம்னா நகரமாகவே விட்டு, ஒவ்வொண்ணையும் வரிக்குப் பொறுப்பாக்குச்சு. சின் பேரரசர் கேட்டிருந்தா தலையில அடிச்சுக்கிட்டிருப்பார்.

பொது அளவை இங்க இல்லாம இல்ல. ராஜராஜன் 1001 வாக்குல நிலம் அளந்தார். பெரிய கோயில் கல்வெட்டுல மரக்கால் கூட ராஜகேசரி அளவோட ஒத்துப்பார்த்தது. நிலக் கணக்கு ஒரு வேலியில 52,42,88,00,000-ல ஒரு பங்கு வரைக்கும் போகுது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரைச் சதுர மில்லிமீட்டர். ஒரு கடுகு உட்காரக் கூட இடம் பத்தாது. இதை யாரும் கோல் வச்சு அளந்திருக்க முடியாது. ஏட்டுல பின்னத்தைப் பெருக்கிப் பெருக்கி வந்தது. ஹான் அரசு கடைசி எட்டு பேரை எண்ணின மாதிரி, இங்க எண்ணினது நெல்லு விளையற மண்ணை. ஆளை எண்ணல.

எண்ணாம விட்டது யாரைன்னும் கேட்கணும். கோயிலுக்குக் கொடுத்த ஊர்கள்ல வரி இல்லாத இடங்கள்னு பெரிய கோயில் கல்வெட்டு ஒரு பட்டியல் போடுது: ஊர் நத்தம், கோயில், குளம், கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு. அந்தச் சேரிகள்ல இருந்தவங்க இந்த அரசோட காகிதத்துல வர்றது இப்படி, கழிக்க வேண்டிய பரப்பளவா. வயல்ல கால் வச்சவங்க அவங்கதான். அவங்க பேர்ல ஒரு குடவோலை விழுந்ததில்ல. ஆண்டது தூரத்து ராஜாவா, பக்கத்து வீட்டு நிலக்காரரான்னு அவங்களைக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாங்கன்னு நான் அடிக்கடி யோசிப்பேன். வெளியூர் அதிகாரிக்கு உன் சாதி, உன் கடன், உன் மச்சான் எதுவும் தெரியாது. ஊர்ப் பெரியவருக்கு எல்லாம் தெரியும். 'கிராம சுயாட்சி'ன்னு நாம பெருமையா சொல்லும்போது இது என் தொண்டையில மாட்டுது.

வரலாற்று ஆசிரியர்கள் இதுல நல்லாவே சண்டை போட்டிருக்காங்க. 1930-கள்ல நீலகண்ட சாஸ்திரி சோழ அரசை உறுதியான மைய நிர்வாகம் கொண்ட பேரரசா வரைஞ்சார். 1980-ல பர்ட்டன் ஸ்டெய்ன் வந்து, இல்ல, தஞ்சாவூரைத் தாண்டினா ராஜா வெறும் சடங்குத் தலைவர், நிஜ அதிகாரம் நாட்டார்கிட்டன்னார். எனக்கு ரெண்டும் பாதிப் பாதி. ஸ்டெய்ன் சொல்ற மாதிரி வெறும் சடங்கா இருந்தா உக்கல்ல நிலம் ஏன் ஏலம் போகுது? சாஸ்திரி சொல்ற மாதிரி இறுகின நிர்வாகமா இருந்தா, அதிகாரி ஏன் சபை பக்கத்துல உட்கார்ந்து பார்த்துட்டு மட்டும் போறார்?

உள்ளூர் ஆளை வச்சு ஆள முடியாத இடத்துல சோழர்களும் வெளியாளை அனுப்பிப் பார்த்தாங்க. பாண்டிய நாட்டுக்கு ராஜேந்திரன் தன் மகனையே 'சோழ பாண்டியன்'னு பட்டம் கட்டி மதுரையில உட்கார வச்சார். பேர்லயே ஜெயிச்சவனும் தோத்தவனும் சேர்ந்து இருக்கான். கொஞ்ச தலைமுறைதான் ஓடுச்சு. முதலாம் குலோத்துங்கன் காலத்துல அதை விட்டுட்டு, தெற்கே கோட்டாறு மாதிரி இடங்கள்ல நிலைப்படை வச்சாங்க. பாண்டியர்கள் திரும்ப எழுந்தாங்க.

ஆனா கட்டடம் விரிசல் விட்டது மதுரைப் பக்கம் மட்டும் இல்ல, பட்டம் கொடுத்து வளர்த்த வீட்டுக்குள்ளேயும்தான். 12-ஆம் நூற்றாண்டுல கூடலூர்ப் பக்கத்துக் காடவர் தலைவர் ஒருத்தர் பேர் 'குலோத்துங்கசோழ காடவராயன்'. ராஜா பேரைச் சுமந்த விசுவாசமான சிற்றரசன். அடுத்த நூற்றாண்டுல, 1231 வாக்குல, அதே காடவர் வம்சத்துக் கோப்பெருஞ்சிங்கன் சோழ ராஜா மூன்றாம் ராஜராஜனையே பிடிச்சு சேந்தமங்கலத்துல சிறை வச்சுட்டான். ஹான் பேரரசும் இதே மாதிரி ஒரு கட்டத்தைச் சந்திச்சது. கி.மு. 154-ல ஏழு இளவரசர்கள் கலகம் பண்ணாங்க. அதை அடக்கினதுக்கு அப்புறம் கி.மு. 127-ல ஒரு தந்திரமான ஆணை போட்டாங்க: இளவரசன் செத்தா நாட்டை மூத்தவனுக்கு மட்டும் கொடுக்காம எல்லா மகன்களுக்கும் பிரிக்கணும். ரெண்டு மூணு தலைமுறையில ராஜ்யமெல்லாம் தாலுகா சைஸ் ஆயிடுச்சு. அப்படி வெட்டிவிடுற கத்தி சோழர்கள்கிட்ட இல்ல.

சோழனை விடுவிக்க கர்நாடகத்துல இருந்து போசள ராஜா நரசிம்மன் படை அனுப்ப வேண்டியதாச்சு. உதவிக்கு வந்தவங்க திரும்பிப் போகல. நரசிம்மன் மகன் சோமேஸ்வரன் நம்ம சமயபுரம் பக்கத்துல கண்ணனூர்ல தலைநகர் போட்டார். அதுக்கப்புறம் சுந்தர பாண்டியன் வந்தார், ஸ்ரீரங்கத்துக்குப் பொன்னைக் கொட்டினார். 1279-ஓட சோழ ராஜாக்கள் பேர் கல்வெட்டுல நின்னுடுது.

எங்க பாட்டி வீட்டுக்கு எதிர்ல இருந்த கோயில் நிக்கல. சோழன் காலத்துல நந்தா விளக்குக்கு ஆடு கொடுப்பாங்க. அந்த ஆட்டுக்குக் கல்வெட்டுல 'சாவா மூவாப் பேராடு'ன்னு பேர்: சாகாது, கிழடாகாது, ஏன்னா வாங்கினவன் செத்த ஆட்டுக்குப் பதில் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாம வச்சிருக்கணும். நிலமும் பொன்னும் கூட இப்படித்தான், முதலைத் தொடாம வட்டியில தர்மம் நடக்கணும். இந்தக் கணக்குக்கெல்லாம் பொறுப்பு ஊர் ஆட்களும் கோயில் ஆட்களும். ஆவணம் சுவர்ல. சின் தலைநகரம் விழுந்தப்போ ஒரு ஷியாவ் ஹே பதிவேட்டைக் காப்பாத்த வேண்டியிருந்தது. கங்கைகொண்ட சோழபுரத்து அரண்மனை இன்னைக்கு வெறும் அடித்தளச் செங்கல். அங்க இருந்த ஓலைகள் ஒண்ணு கூட நமக்கு வரல. சோழ அரசைப் பத்தி நமக்குத் தெரிஞ்சதுல பெரும்பகுதி ஊர்க்காரங்க தங்களுக்காக வெட்டி வச்ச நகல்.

ஸ்ரீரங்கம் போனா, பிரகாரச் சுவர்ல 'யாண்டு'ங்கிற சொல்லைத் தேடுங்க. எழுத்து பழகக் கொஞ்ச நேரம் ஆகும், ஆனா சிக்கிடும். அதுக்குப் பக்கத்துல இருக்குற எண், எந்த ராஜாவோட எத்தனையாவது வருஷம்னு சொல்லும். சோழனுக்கு ஒரு எண், போசளனுக்கு ஒரு எண், பாண்டியனுக்கு ஒரு எண். ராஜா மாறும்போதெல்லாம் முதல்ல இருந்து எண்ண ஆரம்பிப்பாங்க. அப்புறம் கீழே, கையெழுத்துப் பகுதிக்கு வாங்க. அங்க 'உடையான்'னு முடியற பேர் ஒண்ணு இருந்தா, அதுக்கு முன்னாடி இருக்குற ஊர் இன்னும் இருக்கான்னு மேப்ல போட்டுப் பாருங்க. இருந்தா எனக்கு எழுதுங்க.